வெங்காய வண்டியில் போகிற குரல்

முருங்கைக்கீரை ஆய்வதற்குச் சத்தம் கிடையாது, அதனால்தான் இதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தேங்காய் துருவினால் கேட்கும், பாத்திரம் சொல்லவே வேண்டாம், சின்ன வெங்காயம் உரித்தால்கூட அந்தச் சருகு நொறுங்குவது போனில் போய்விடும் என்று இவர் சொன்னார். நம் காதுக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று ஒதுக்கத் தெரியுமாம், போனுக்குத் தெரியாதாம், இருக்கிற சத்தத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அமெரிக்காவில் கொட்டிவிடுமாம். கீரைக்கு வாயில்லை. காம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு உருவினால் இலை அப்படியே கையோடு வந்துவிடுகிறது. ராத்திரியே பழைய வேட்டித்துணியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தால் இந்நேரம் தானாகவே உதிர்ந்து கிடந்திருக்கும், ஆய வேண்டியதே இல்லை, ஆனால் அப்புறம் கைக்கு என்ன வேலை கொடுப்பது, கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி ஓடும். இப்போது மட்டும் ஓடாமலா இருக்கிறது. கால் பெருவிரலில் தொட்டில் கயிற்றைச் சுற்றி வைத்திருக்கிறேன், விரலை மடக்கினால் தொட்டில் வரும், விட்டால் போகும், ரஞ்சனி உள்ளே தூங்குகிறாள், ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாதவள் இப்போது தூங்குகிறாள், நல்ல பிள்ளை, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு தாயே. மேலே தொட்டில் கம்பி கிறீச்சென்று கேட்கக்கூடாது என்று விடிந்ததும் தேங்காய் எண்ணெய் விட்டாச்சு. ஃபேனை நிறுத்தியாச்சு. கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்கு இறங்கி நைட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே என் கல்யாணச் சேலை கொடியில் தொங்குகிறது, சேலைக்கு அந்தப் பக்கம் இவர், இவருக்கு எதிரே போன், போனுக்குள்ளே அமெரிக்கா. அந்தப் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறிக் காரை உதிர்ந்து கிடக்கிறது, அது தெரியக்கூடாது என்றுதான் சுவருக்கு முதுகு காட்டாமல் அறையின் நடுவிலே கொடி கட்டி இந்தச் சேலையைப் போட்டார். அவர்களுக்குச் சேலையின் நல்ல பக்கம் தெரியும், அரக்கு உடம்பு, மயில் போட்ட ஜரிகை. எனக்குத் தெரிவது உள்பக்கம், நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிற மயில்.

"சரிம்மா தாரிணி, நான் ஒரு தடவ பாடுறேன், நீங்க கேளுங்க, அப்புறம் நீங்க பாடுங்க" என்று இவர் சொல்கிறார். ஏழு வயசுப் பிள்ளையை நீங்க வாங்க என்கிறார், யாரிடமும் அப்படித்தான். ஸ ரி க ம என்று ஏறி ப த நி ஸ என்று முடிக்கிறார், பைய, ஒவ்வொன்றாக, படியில் பிள்ளையைக் கைபிடித்து ஏற்றுகிற மாதிரி. அப்புறம் சத்தமில்லை. இவர் நேற்றே சொன்னார், நான் பாடுறது அங்க போய்ச் சேர்ந்து, அந்தப் பிள்ள பாடி, அது இங்க வந்து சேர, நடுவுல ஒரு பள்ளம் இருக்கும் செல்வி, கூடச் சேர்ந்து பாட முடியாது, தாளமும் போட்டுக் காட்ட முடியாது, என் கையும் அந்தப் பிள்ள கையும் ஒண்ணா விழுகாது. நான் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்து கீரை உருவுகிறேன். ஆனால் இது பள்ளம் மாதிரித் தெரியவில்லை, இவ்வளவு நேரமா. அந்தப் பிள்ளையின் அம்மா குரல்தான் வருகிறது, "பாடு கண்ணா, சார் வெயிட் பண்றாருல்ல." மறுபடியும் ஒன்றுமில்லை. இவர் மறுபடியும் பாடுகிறார். நமக்குச் சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறியாச்சு, அவர்களுக்கு இன்னும் நேற்றே முடியவில்லையாம், வெள்ளிக்கிழமை ராத்திரியாம், பாவம் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வராதா, பள்ளிக்கூடம் போய்விட்டு வந்த அலுப்பு இருக்காதா, ஸ ரி க ம ஓடியா போகும். இது சேர்வதற்கு முன்னால் சும்மா பார்க்கிற வகுப்பு, பிடித்திருந்தால் சேர்த்துவிடுவார்கள், அந்தம்மாவுக்கு அங்கே தமிழ் அம்மாக்கள் கூட்டாளி நிறைய, எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன, இந்தப் பிள்ளை வாய் திறந்தால் அந்தப் பிள்ளைகளும் வரும். வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமை இவர் எங்கள் அண்ணன் ஆபீசுக்குப் போக வேண்டும். போகிறேன் என்று சொல்லிவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே, "இது அமையலன்னா உங்கண்ணன்ட்ட வர்றேன்னு சொல்லிட்டேன் செல்வி." நான் ரசம் ஊற்றினேன். நான் பேசாமல் இருந்தால் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார், எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அப்பாவும் அப்படித்தான், ஏழாவதோடு அப்பளக் கம்பெனிக்குப் போறியா என்றார், நான் பேசவில்லை, திங்கட்கிழமை அப்பளம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் சங்கீதம் படித்தவர். வெறும் கேள்வி ஞானம் இல்லை, காலேஜில் உட்கார்ந்து படித்து அங்கி போட்டுப் பட்டம் வாங்கியவர், அந்தப் போட்டோ இருக்கிறது. பொண்ணு பார்க்க வந்தபோது தரகர் "மாப்ள டிகிரி" என்று சொன்னார், என்ன டிகிரி என்று அப்பா கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அதுவரைக்கும் டிகிரியே வந்ததில்லை, வந்ததைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற பழக்கம் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள், மாப்ள என்ன படிச்சிருக்காரு, மியூசிக், ஓ, சரி, வேலை என்ன பார்க்கிறாரு. அந்த ஓவுக்கும் சரிக்கும் நடுவிலேயும் ஒரு பள்ளம் வரும். நான் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இவர் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மியூசிக் சாராகப் போனார், அங்கே பாட்டுக்கென்று ஒரு பீரியடும் இல்லை, கணக்கு டீச்சர் வராத நாளில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பாட்டு வாத்தியாருக்கு வேலை என்னவென்றால் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது, சொல்லிச் சொல்லிச் சிரித்தார், ஒருநாள் சிரிக்காமல் வந்து உட்கார்ந்தார், அதோடு போகவில்லை. திருவிழாவுக்குப் பாடுகிற குழுவில் சேர்ந்தார், சினிமாவில் யார் குரலில் பாடுவீங்க என்று கேட்டார்களாம், என் குரல்ல பாடுவேன் என்று இவர் சொல்ல அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். சாவு வீட்டில் தேவாரம் பாடக் கூப்பிட்டார்கள், போனார், அழுகிற வீட்டில் ஒரு கிழவர் மட்டும் அழுகையை நிறுத்திக் கேட்டார் செல்வி என்று வந்து சொன்னார், அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டு கேட்கிற ஆட்டோவில் உட்கார்ந்து நாள் பூராவும் கத்திவிட்டு வந்து தொண்டை கட்டிக் கிடந்தார், மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்தேன், சைகையில் பேசினார், அந்த நாட்களில் நானும் அவரும் ஒரே மாதிரி இருந்தோம். அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியார் எடுக்கும்போது இவருக்குக் கிடைக்கும், எடுக்கும்போது. காம்பு ஒன்று விரலில் குத்திவிட்டது. கீரையில் ஒரு புழு, பச்சையாக, மெல்ல நடக்கிறது, அதற்கும் சத்தமில்லை, நட, நட, உன்னை எடுத்து வெளியே விட இப்போது என்னால் எழுந்திரிக்க முடியாது.

அண்ணன் கெட்டவன் இல்லை. தங்கச்சி நல்லா இருக்கணும் என்றுதான் சொல்கிறான். "மாப்ள, உங்க கொரல வச்சிக்கிட்டு ஏன் இப்பிடி அல்லாடுறீக. எங்க ஆபீசுக்கு வாங்க. கடன வாங்கிட்டு ஒளிஞ்சிக்கிட்டிருக்கவனுக்குப் போனப் போட்டு நாலு வார்த்த பேசணும், அம்புட்டுத்தான். ஏசி ரூமு." இந்த அறையில்தான் உட்கார்ந்து சொன்னான், கையில் பிள்ளை. ஒரு தடவ பேசிக் காமிங்க மாப்ள என்றான். இவர் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "ஐயா வணக்கம், உங்க தவணை கொஞ்சம் நின்னுபோயிருக்கு, என்னன்னு பாத்துச் சொல்றீங்களா" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்துவிட்டது. "மாப்ள, கடன் கேக்கச் சொன்னா தாலாட்டுப் பாடுறீக. இதக் கேட்டா அவன் குப்புறப் படுத்துத் தூங்கிருவான். வையணும் மாப்ள. அவன் ஆத்தாள இழுக்கணும். அவன் பொண்டாட்டி எடுத்தா இன்னும் நல்லது, அவளுகளுக்குத்தான் சீக்கிரம் சுள்ளுங்கும்." இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் இவர் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த எலும்பு ஏறி இறங்கியது. பழகிக்கிடலாம் என்று இவர் சொன்னார். பழகிவிடுவார், அதுதான் பயம். எதைக் கொடுத்தாலும் அந்தத் தொண்டை பிடித்துக்கொள்ளும், ஒருநாள் கேட்டதை மறுநாள் பாடுகிற தொண்டை, அதற்குள் நாலு மாசம் வசவைப் போட்டால் வசவும் அழகாக வரும், எங்கேயோ ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுப்பாள், என்னை மாதிரி ஒருத்தி, யார் பேசுறா என்று கேட்கக்கூட வாய் வராதவள், அவள் காதில் இந்தக் குரல். அப்புறம் சாயங்காலம் வந்து ரஞ்சனியைத் தூக்கி அதே தொண்டையில் கொஞ்சுவார். ரஞ்சனி என்று ஒரு ராகம் இருக்கிறதாம், அதனால்தான் அந்தப் பேர் வைத்தார். நினைக்கக்கூடாது. ஆனால் இன்னொன்றும் நினைக்கிறேன், அதையும் மறைக்க முடியாது, மாசம் பிறந்தால் வருவது வந்தது என்று ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று, எனக்கு இடுப்பு வலிக்கிறது, ராத்திரி பாலுக்கு எழுந்து எழுந்து கண் எரிகிறது, இவருக்கு எது அமையும் எது அமையாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. அமையாமலே போய்விட்டால்கூட ஒருவழியாக முடிந்தது என்று படுத்துத் தூங்கலாம் போல இருக்கிறது. சீ, என்ன நினைப்பு. விரலை மடக்கு, தொட்டில் வரட்டும், விடு, போகட்டும்.

"பயப்படாதீங்கம்மா, தப்பாப் பாடினாலும் பரவால்ல" என்கிறார் இவர். அதைச் சொல்லாதீங்க என்று சேலைக்குள் கை நீட்டி முதுகில் தட்ட வேண்டும் போல இருக்கிறது. பரவால்ல என்று சொன்னால்தான் தப்பு ஒன்று இருக்கிறது என்று தெரியும், அதுவரைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் அந்தப் பிள்ளையை, முகத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும், உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருக்கும், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பாட்டு உள்ளே இருக்கும், முழுசாக, ஆனால் வெளியே விட்டால் அது எல்லாருக்கும் ஆகிவிடுமே. கல்யாணமாகி மூன்றாம் மாசம் நான் குழம்புக்கு அரைத்துக்கொண்டே என்னவோ முனகிக்கொண்டிருந்தேன், இவர் அந்தப் பக்கமிருந்து சிரித்துக்கொண்டு, "சுருதி எங்கயோ போகுது செல்வி" என்றார். உப்புக் கம்மி என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார், கோபமே இல்லை, சொல்லிவிட்டு மறந்திருப்பார். நான் அதோடு வாயைக் கட்டிக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகுகூட உஸ் உஸ் என்றுதான் ஆட்டுகிறேன், நிலோபர் அக்கா கேட்டார்கள், பக்கத்து வீடு, எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள், "ஏன்டி, பாட்டுக்கார வீட்டுப் புள்ளையச் சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ஆட்டுற." பாட மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் பாடியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது, தெருவில் வந்தபோதுதான் தெரிந்தது. மழைக்காலத்தில் பால்பாண்டி வந்தான், வெங்காய வண்டிக்காரன், மினி லாரியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு காம்பவுண்டு காம்பவுண்டாக வருகிறவன், "அண்ணே, உங்க கொரல்ல ஒண்ணு பிடிச்சுக் குடுங்கண்ணே, எல்லா வண்டியிலயும் ஒரே ஆளு கத்துறான், எது நம்ம வண்டின்னு சனத்துக்குத் தெரிய மாட்டேங்குது" என்றான். இவர் இதே இடத்தில் உட்கார்ந்து போனில் பாடிக் கொடுத்தார். பேசவில்லை, பாடினார். வெங்காயம், நாட்டு வெங்காயம் என்று கீழேயிருந்து எடுத்து, தக்காளி என்று ஒரு இடத்தில் நிறுத்தி, வாசலுக்கு வந்திருக்கு தாயே என்று இறக்கினார். மழைச் சத்தம் வந்தது, நாய் குரைத்தது, திருப்பித் திருப்பிப் பாடினார், பிள்ளை வேறு அழுதது, நான் இங்கேதான் ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்றைக் காதில் மாட்டி ரொம்ப நேரம் கேட்டார். "இது இருக்கட்டும்" என்றார். பால்பாண்டி ஒரு பை வெங்காயம் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் வண்டி தெருவுக்குள் வருகிறது, நான் வாசலில் நிற்கிறேன், தாயே என்று முடித்து மறுபடி வெங்காயம் என்று தொடங்குவதற்கு நடுவிலே, அந்தச் சின்ன இடத்தில், ஒரு பொம்பளை முனகுகிறாள், ம்ம் ம்ம் என்று, வார்த்தை இல்லாமல். நான்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

யாரும் கவனிக்கவில்லை, நிலோபர் அக்காகூட. வெங்காயம் வாங்க வந்தவர்கள் வெங்காயத்தைப் பார்ப்பார்களா குழாயைப் பார்ப்பார்களா. ஆனால் இவர் எப்படிக் கவனிக்காமல் இருப்பார். குக்கர் விசில் அடித்தால் இன்னைக்குக் கொஞ்சம் இறங்கி அடிக்குது, வாசர மாத்தணும் என்பார், சரியாகத்தான் இருக்கும். பஸ் ஹாரனுக்குப் பேர் சொல்வார். அப்படிப்பட்ட காதுக்கு நடுவிலே ஒருத்தி முனகுவது கேட்காமலா போகும். கேட்டிருந்தால் வெட்டியிருப்பாரே, போனில் வெட்டத் தெரியும், மழையை வெட்டினார், நாயை வெட்டினார். அப்படியென்றால் கேட்கவில்லை. கேட்காமல் எப்படி. அலுத்துப்போய் விட்டிருப்பார், பிள்ளை அழுதுகொண்டிருந்ததே. இல்லை, இது இருக்கட்டும் என்றாரே, ரொம்ப நேரம் கேட்டுவிட்டுத்தானே சொன்னார். எதைச் சொன்னார். இதைக் கேட்டுவிடலாம், இரண்டடி தூரத்தில் படுத்திருக்கிறவர், ஏங்க, அதில் என் சத்தம் வருதே, தெரியுமா என்று ஒரு வார்த்தை. கேட்டால் அடடா என்று வெட்டிவிடுவார். அதனால் கேட்கவில்லை. தினமும் வண்டி வரும்போது கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அந்த இடம் வருகிறதா என்று கேட்கிறேன், வருகிறது, வெட்கமாக இருக்கிறது, வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் இருக்கிறது. தினமும் பத்து மணிக்குமேல் வரும், சனிக்கிழமை மட்டும் சந்தைக்குப் போக வேண்டும் என்று முதல் நடையிலேயே எங்கள் தெருவுக்கு.

சனிக்கிழமை. இன்றைக்குச் சனிக்கிழமை. கீரை கையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு வீடாகப் போய் இவர் சொன்னாரே நேற்று, ஒரு மணி நேரம் மட்டும், தயவு பண்ணி, நிலோபர் அக்கா "ஒங்க வீட்டுக்காரரு அமெரிக்காவுக்குப் பாடுறாருன்னா எங்க வீட்டு மிக்ஸிக்கு இன்னக்கி லீவுடி" என்றார்களே, மாடி வீட்டில் தையல் மிஷினை நிறுத்தியாச்சு, எதிர்வீட்டு நாய்க்கு முறுக்குப் போட்டு உள்ளே கட்டச் சொல்லியாச்சு, ஜன்னலைச் சாத்தியாச்சு, ஊர்ச் சத்தத்தை எல்லாம் அடக்கியவர் தன் சத்தத்தை மறந்துவிட்டார். நானும்தான் மறந்தேன். இரு, வரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, ஒருவேளை இன்றைக்கு வண்டி எடுக்கவில்லையோ என்னவோ. சேலைக்கு அந்தப் பக்கம் அந்தம்மா பேசுகிறார்கள், "சாரி சார், வீட்ல நல்லாத்தான் பாடுவா, புதுசா யாரையும் பாத்தா இப்படித்தான், இன்னொரு நாள் வேணா" என்று இழுக்கிறார்கள். இன்னொரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், "பரவால்லைங்க மேடம், இன்னொரு தடவ மட்டும் பாத்துருவோம்" என்கிறார். அப்போது வந்தது. தெருமுனையில், சன்னமாக, வெங்காயம், நாட்டு வெங்காயம். எழுந்து ஓடிப்போய் வண்டியை மறித்து பால்பாண்டி, குழாயை நிறுத்துப்பா, ஒரு பத்து நிமிஷம் என்று சொல்ல வேண்டும், பால்பாண்டியிடம் நான் இதுவரைக்கும் பேசினதே இல்லை, பொறுக்கித் தட்டில் போடுவேன், அவன் "அக்கா" என்பான், நான் தலையாட்டுவேன். நைட்டியோடு தெருவில் ஓடுவேனா. ஓடலாம், துண்டு இருக்கிறது தோளில். ஆனால் விரலில் கயிறு. கயிற்றை விட்டால் தொட்டில் நிற்கும், தொட்டில் நின்றால் ரஞ்சனி முழிப்பாள், முழித்தால் அவள் போடுகிற சத்தத்துக்கு வெங்காய வண்டியே தேவலை. விரலை மடக்குகிறேன், விடுகிறேன். தக்காளி என்று இவர் குரல் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வரட்டும் என்று நினைத்துவிட்டேன். வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுப் போகட்டும், யார் மேலும் குற்றம் இல்லை, திங்கட்கிழமை இவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்குவேன். அதற்குள் வண்டி காம்பவுண்டு வாசலுக்கே வந்து, வேப்பமரத்து நிழலில் நின்றும்விட்டது, பால்பாண்டி இங்கே நிறுத்தினால் சீக்கிரம் எடுக்க மாட்டான்.

வாசலுக்கு வந்திருக்கு தாயே. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அப்புறம் அந்த இடம் வருகிறது, ம்ம் ம்ம், நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி வெங்காயம். போன் அள்ளிக்கொண்டு போகிறது, எனக்குத் தெரிகிறது, சட்டி நிறைய அள்ளி அமெரிக்காவில் கொட்டுகிறது. பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல், இவ்வளவு நேரம் இல்லாத குரல், "அங்கிள், அதுவும் நீங்களா." இல்லை என்று சொல்லிவிடலாம், எவனோ கத்துறான் தெருவில் என்று சொல்லிவிடலாம், சொல்லுங்க, சொல்லிவிடுங்க. "ஆமாம்மா" என்கிறார் இவர். "அதுவும் நான்தான்." அந்தம்மா, "சார், நீங்களா, வெங்காயமா" என்கிறார்கள், சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. "ஆமா மேடம், ஒரு தம்பிக்குப் பாடிக் குடுத்தேன். வித்துக்கிட்டிருக்கு." அதைச் சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்று யோசிக்கிறேன், குனியவில்லை, தவணை நின்னுபோயிருக்கு ஐயா என்று சொன்னாரே அந்தக் குரல் இல்லை, கிழவர் அழுகையை நிறுத்திக் கேட்டார் என்று வந்து சொன்னாரே அது. பள்ளம் மறுபடியும். எவ்வளவு ஆழம் இந்தப் பள்ளம், கடலே நடுவில் கிடக்கிறது. அப்புறம் வந்தது, "வெங்காயோம், நாட்டு வெங்காயோம்", கீழேயிருந்து எடுத்து, இவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, தாயே என்று இறக்கி, நாக்குத்தான் அமெரிக்கா, மற்றதெல்லாம் அச்சாக இவர். "அதேதான்" என்கிறார் இவர், அவசரப்படாமல், பறவை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஆடாமல் இருப்போமே அப்படி. "இப்ப நீங்க முதல்ல எடுத்த இடம் இருக்குல்ல, அதுதான் ஸ. வெங்காயத்துக்குப் பதிலா ஸ-ன்னு சொல்லிப் பாருங்க." பிள்ளை சொல்கிறது. சிரித்துக்கொண்டே சொல்கிறது. அந்தம்மா யாரையோ உள்ளே கூப்பிடுகிறார்கள், இங்க வாங்க, பாடுறா பாருங்க. கீரை மடியிலிருந்து சரிந்து தரையெல்லாம் கொட்டிவிட்டது, பொறுக்கத் தோன்றவில்லை. வெளியே பால்பாண்டி யாரிடமோ "அக்கா, எடுத்துப் பாருங்க, அழுகுனது ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க" என்கிறான், குழாய் பாடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்திவிடாதே அப்பா, இன்னும் கொஞ்ச நேரம் விற்றுக்கொண்டிரு. "அங்கிள்" என்கிறது பிள்ளை, "நடுவுல ஒரு லேடி பாடுறாங்க. ம்ம் ம்ம்-னு. அது யாரு." என் விரல் நின்றுவிட்டது. அங்கே போய்க் கேட்டிருக்கிறது, இந்தத் தெருவில் யாருக்கும் கேட்காதது. இவர் என்னது, எங்கே என்று கேட்பார், இப்போதுதான் தெரியும் இவருக்கு, இன்றைக்கு ராத்திரி வெட்டிவிடுவார். இவர் யோசிக்கவே இல்லை. "அது எங்க வீட்ல, செல்வி ஆன்ட்டி. பாப்பாவத் தூங்க வைக்கிறாங்க. நான் முடிக்கிற இடத்துல எடுத்து, நான் மறுபடி எடுக்கிற இடத்துல கொண்டுவந்து விடுறாங்க பாருங்க. அத வெட்டிட்டுக் கேட்டேன், மொட்டையா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்." விட்டுட்டேன் என்கிறார். கேட்டிருக்கிறார். மழைநாளிலிருந்து தெரியும், தினமும் வண்டி வரும்போது இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டு நிற்க, அந்தப் பக்கம் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சுருதி எங்கயோ போகுது என்று சொன்ன அதே வாய், ஒரு வார்த்தை சொன்னாரா என்னிடம், நான் கேட்டேனா அவரிடம். "அந்த ஆன்ட்டி பாடினா நானும் கூடப் பாடறேன்" என்கிறது பிள்ளை. அய்யோ, வேண்டாம். சேலை அசைகிறது, அவர் கை அந்த நூல் பிரிந்த மயிலைப் பிடித்து ஒதுக்குகிறது, வெளிச்சம் வருகிறது, நைட்டியோடு இருக்கிறேன், கையெல்லாம் பச்சை, தலை சீவவில்லை, தொட்டிலை யார் ஆட்டுவது, ரஞ்சனி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், அழவில்லை, எவ்வளவு நேரமாக முழித்துக்கிடக்கிறாளோ, அவளும் கேட்டுக்கொண்டுதான், "செல்வி" என்கிறார், பாடம் சொல்லிக்கொடுக்கிற குரல் இல்லை, வீட்டுக் குரல், "செல்வி, இங்க வா, அந்த முனகல மட்டும்", விரலிலிருந்து கயிற்றைக் கழற்றுகிறேன், பாட்டு உள்ளே இருக்கிறது, முழுசாக, துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டால் நைட்டி தெரியாது, ஒரே ஒரு தடவை மட்டும் என்றால்